மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை: ஆபரேஷன் செய்தால் அடைபடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் குரோம் பிளேட்டிங் பட்டறை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மூச்சு விடும்போது மூக்கில் விசில் சத்தம் வருகிறது. அடிக்கடி பொருக்கு கட்டுகிறது, எடுத்தால் ரத்தம் வருகிறது. வலி இல்லை. நடுச்சுவரில் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை இருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மூக்கு சப்பையாகிவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஓட்டையின் அளவைவிட உங்கள் வேலைதான் என் கண்ணில் முதலில் பட்டது. குரோம் முலாம் பூசும் தொட்டியில் மின்சாரம் பாயும்போது வாயுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும். அப்போது குரோமிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாத சாரலாகக் காற்றில் கலக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் சாரல் நடுச்சுவரின் முன்பகுதியில்தான் அதிகம் படிகிறது. அமிலம் பட்ட கையுறையோடு மூக்கைத் தேய்ப்பதும் சேர்ந்துகொள்ளும். நடுச்சுவரின் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. ஒரே இடத்தில் இருபக்கச் சவ்வும் புண்ணாகிப் போனால் நடுவிலுள்ள குருத்தெலும்பு செத்து ஓட்டை விழுகிறது. பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலருக்கு விசில் கேட்கும்வரை தெரிவதில்லை.

அதற்காகப் பழியை முழுக்கக் குரோமின் மேல் போட்டுவிட மாட்டேன். முன்பு மூக்குத் தண்டு (நடுச்சுவர்) வளைவுக்கு ஆபரேஷன் செய்ததுண்டா, மூக்கடைப்புக்கு மருந்துக்கடை சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டதுண்டா, மூக்கைக் குடையும் பழக்கம் உண்டா என்று உங்கள் மருத்துவர் கேட்பார். காசநோய், தொழுநோய், சிபிலிஸ், ரத்தக்குழாய் அழற்சி நோய்கள் ஆகியவற்றையும் அவர் மனதில் வைத்திருப்பார். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் ஓட்டையின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்ஸி என்று போகலாம். இதைச் செய்யாமல் அடைக்கப் போனால், உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது தையல் நிற்காது.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். எல்லா ஓட்டையையும் அடைக்கத் தேவையில்லை. தொந்தரவே இல்லாதவரை நான் மேசைக்கு அழைப்பதில்லை. உங்களுக்கு விசில், பொருக்கு, ரத்தம் மூன்றும் இருக்கின்றன. முதலில் சில வாரங்கள் உப்பு நீரால் மூக்கைக் கழுவி, மருத்துவர் தரும் களிம்பைத் தடவுங்கள். பொருக்கை நகத்தால் பிய்க்கவே கூடாது. ஊறவைத்தால் தானே கழன்று வரும். ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கு சிலிக்கான் பட்டன் ஒன்றை ஓட்டையில் பொருத்தலாம். சத்தம் குறையும், ஆனால் சிலருக்கு அது உறுத்தும், அதன் மேலும் பொருக்கு கட்டும்.

ஆபரேஷனில் ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வைக் குருத்தெலும்பிலிருந்து உரித்து, தளர்த்தி, நகர்த்தி, இரு பக்கமும் தனித்தனியாகத் தைப்போம். சட்டைக் கிழிசலுக்கு வெளியே துணி வைத்து ஒட்டுப் போடும் வேலை இல்லை இது. ரத்த ஓட்டமுள்ள சவ்வை இழுத்து வர வேண்டும். இரண்டு அடுக்குக்கும் நடுவே, காதுக்கு மேலே முடிக்குள் சிறிதாக வெட்டி எடுத்த மெல்லிய தசையுறையையோ, காது மடலின் குருத்தெலும்பையோ வைப்போம். பிறகு இருபுறமும் சிலிக்கான் தகடு வைத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்போம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வது வழக்கம்.

ஒரு சென்டிமீட்டர் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. நீளத்தைவிட மேலிருந்து கீழான உயரம்தான் எங்களுக்குத் தலைவலி, ஏனென்றால் சவ்வை அந்தத் திசையில்தான் இழுக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் கடினம். சில சமயம் மறுபடி சிறு ஓட்டை விழுவதும் உண்டு. மூக்கு சப்பையாவது பெரும்பாலும் பெரிய ஓட்டைகளில், மூக்கின் மேல்தாங்கல் அரிக்கப்பட்டால் நடப்பது. உங்கள் அளவுக்கு அந்தப் பயம் குறைவு.

ஆனால் அதே தொட்டிக்கு அருகே அதே மாதிரி திரும்பிப் போவதானால் ஆபரேஷன் வேண்டாம் என்பேன். சாரலை உறிஞ்சும் காற்றுப்போக்கி, பொருத்தமான வடிகட்டி முகமூடி (கைக்குட்டை அல்ல!), இவை இல்லையென்றால் வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். புகை பிடித்தால் நிறுத்துங்கள், தையல் ஆறுவதற்கும் அது கெடுதல். குரோமிக் அமிலத்தில் உள்ள இந்த வகைக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது என்பதால் நெஞ்சுப் பரிசோதனையையும் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், குரோம் புண் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் ஒன்று. எத்தனை வருட வேலை, எந்தத் தொட்டி, என்ன பாதுகாப்பு இருந்தது என்று எழுதி மருத்துவரிடம் கொடுத்து, கேஸ் தாளில் பதியச் சொல்லுங்கள். ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் பட்டறையில் மற்றவர்களையும் ஒருமுறை மூக்கைக் காட்டச் சொல்லுங்கள்.