கூலிங்கிளாஸைக் கழற்றச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் கல்யாண ஆர்டர் எடுக்கும் போட்டோகிராபர் நான். அப்பாவழிச் சொந்தங்கள் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் தீவில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளைகளை, படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்வரை வருஷா வருஷம் படம் எடுக்க ஆசை. ஆனால் கேமராவைத் தூக்கினாலே கூலிங்கிளாஸ், தூக்கிவிட்ட காலர், ஒரு முறைப்பு. கழற்றச் சொன்னால் முகம் விழுந்துவிடுகிறது. இயல்பாக எடுப்பது எப்படி?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் போஸை ஏன் விரட்டுகிறீர்கள்? எந்த முகம் தனக்குப் பொருந்தும் என்று போட்டுப் பார்க்கிற வயது அது. நம் தெருவில் காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஃப்ளெக்ஸின் கீழ்வரிசையில் பையன்கள் தலை அடுக்கியிருக்குமே, நின்று பாருங்கள். ஒருவனுடைய கண்ணாடி அண்ணனுடையது, மூக்கில் நிற்காமல் சரிகிறது. இன்னொருவனுக்கு மீசை டிசைனர் போட்டது. அந்தக் கெத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் நடுவில்தான் உங்கள் படம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் ‘இயல்பு’ யாரும் பார்க்காதபோது இருக்கிற முகம். அதை அவன் உங்களுக்குத் தந்தாக வேண்டுமா என்ன?

புகைபோக்கி விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர்ப் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் எல்லோரும் ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, பின்னால் அனல்மின் நிலையத்தை வைக்கிறார்கள். சாம்பலும் துறைமுகமும் கொசஸ்தலையாற்றைப் படுத்திய பாடு உண்மை. ஆனால் அந்தப் படத்தில் பிள்ளை வெறும் சாட்சியாகிவிடுகிறது. சாயங்காலம் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். மேற்கு வெயில் முகத்தில் விழும், புகைபோக்கிகள் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும். கண்ணாடியில் அதுவாகவே தெரிந்தால் தெரியட்டும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கோலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுதோறும் எடுத்துவந்தார். முதல் படத்தில் கடைக்குட்டிக்கு 15 வயது. நால்வரும் நிற்கும் வரிசை மாறாது. உடை, தோள்மேல் விழும் கை, பார்வை எல்லாம் மாறும். நீங்களும் இடத்தையும் லென்ஸையும் நேரத்தையும் மட்டும் பிடித்துவையுங்கள், மற்றதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 61 நாள் விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகில் அப்பாவோடு போகிற பையன் கடலில்தான் இருப்பான்.

பெண்பிள்ளைகள் பாடு வேறு. வயதுக்கு வந்த வருஷம் மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸில் பட்டுப்புடவையோடு இருப்பாள், அடுத்த வருஷம் கடற்கரைக்கே வரமாட்டாள். அவளைத் தேடிக் கரையில் நிற்காமல் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும், ஃப்ரேமுக்குள்ளேயே வந்தாலும் சரி. வேண்டாம் என்றால் அந்த வருஷம் படம் இல்லை, அவ்வளவுதான்.

எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கட்டாயம் வாங்குங்கள். 18 முடிந்ததும் அந்தப் பிள்ளையிடமே மறுபடி கேளுங்கள். முதலில் சரி என்றது அம்மாதானே. என் படத்தை நீக்கிவிடுங்கள் அண்ணா என்று அவன் சொன்னால் நீக்கிவிடுங்கள், தொடரில் ஓட்டை விழுந்தாலும்.