காலி வண்டியில் ஸ்டீரிங் உதறுகிறதா? டேம்பர் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அண்ணா, துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் லோடு அடிக்கிறேன். ஒன்றரை டன் பிக்கப், முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பாலத்து ஜாயின்ட்டிலோ பள்ளத்திலோ முன் சக்கரம் விழுந்து ஏறினால், ஸ்டீரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் உதறுகிறது. 55, 60-இல் வரும், 30-க்குக் கீழே வந்தால்தான் நிற்கும். லோடு இருந்தால் அவ்வளவாக இல்லை. வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை பார்த்தாயிற்று. போன மாதம் பின்னால் இரண்டு பட்டை சேர்த்தேன். ஸ்டீரிங் டேம்பர் மாட்டினால் நின்றுவிடும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?"

இப்போதைக்கு மாட்டாதீர்கள் தம்பி. டேம்பர் (ஸ்டீரிங் ஆட்டத்தை அடக்கும், சாக் அப்சார்பர் மாதிரியான பாகம்) போட்டால் உதறல் குறையலாம், ஒரு மாதம் இரண்டு மாதம் நிற்கக்கூடச் செய்யலாம், ஆனால் உதறலைக் கிளப்பிவிட்ட தேய்மானம் உள்ளேயே இருந்து வளரும், அது அடுத்த முறை வரும்போது டேம்பரையும் மீறித்தான் வரும். பேலன்சிங் கோளாறும் இது இல்லை. பேலன்ஸ் இல்லாத சக்கரம் நல்ல ரோட்டிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக நடுங்கும், வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ போய்விடும். உங்களுக்கோ ஒரு அடி விழுந்த பிறகுதான் தொடங்குகிறது, தொடங்கிவிட்டால் வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை விடுவதில்லை. காலியில் அதிகம், லோடில் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வண்டியில் முன் ஆக்ஸில் ஒரே கட்டை. இரண்டு சக்கரங்களும் அதன் இரு முனையிலும் கிங் பின்னில் திரும்புகின்றன, இரண்டையும் ஒரு டை ராடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. எங்காவது பிடிப்பு தளர்ந்திருந்தால் பள்ளத்தில் விழுந்த சக்கரம் ஒரு பக்கம் திரும்பி, மற்ற சக்கரத்தையும் இழுத்து, திரும்பி வந்து, மறுபடி போகும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளினால் முன் சக்கரம் படபடவென்று அடிக்குமே, அதே கதைதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் 15 இஞ்சு ரிம் டயர் நொடிக்கு ஏறக்குறைய 7, 8 முறை சுற்றுகிறது. ஆக்ஸில் தானாக ஆடும் வேகமும் இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஓடுகிற வண்டியிலிருந்தே ஆட்டத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டிருக்கும். இதில் ஒரே ஒரு பாகம் மட்டும் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் "லேசாத்தான் இருக்கு, ஓடும்" என்று விடுகிற அளவில்தான் இருக்கும். நாலு லேசு சேர்ந்தால்தான் இந்த உதறல்.

சரி, அதுவரைக்கும் நடுவழியில் வந்துவிட்டால்? ஆல்பேட்டை பெண்ணையாற்றுப் பாலத்திலேயே வந்தாலும் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆட்டத்தோடு மல்லுக்கட்டி ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, கட்டை விரலை ஸ்டீரிங் கம்பிக்குள் விடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக வேகம் குறைத்து இடது ஓரம் வாருங்கள். ஒவ்வொரு முறை உதறும்போதும் எண்டுகளும் (ராடு முனையிலுள்ள மூட்டுகள்) புஷ்களும் (கிங் பின் போன்றவை உட்காரும் உள் உறைகள்) இன்னும் கொஞ்சம் தேய்கின்றன என்பதால், கோளாறு தெரியும் வரை 40-ஐத் தாண்ட வேண்டாம்.

இனி சோதனை. இதற்கு ஒர்க் ஷாப் தேவையில்லை, கூட ஒரு ஆள் இருந்தால் போதும். முதலில் ஜாக்கி போடவே கூடாது, வண்டியின் கனம் முழுதும் டயரில் நிற்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பவர் ஸ்டீரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். மேலே இருப்பவர் ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் விடாமல் அசைக்கட்டும், முழுதாக ஒடிக்க வேண்டாம். நீங்கள் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ராடு அசைகிறது, ஆனால் அதோடு சேர்ந்திருக்கிற ஆர்ம் கொஞ்சம் தாமதித்துத்தான் அசைகிறது என்றால் அந்த எண்டு போய்விட்டது. கண்ணுக்குப் பிடிபடாதது விரலுக்குப் பிடிபடும், இணைப்பின் மேல் விரலை வைத்தால் 'டக்' என்ற தட்டு தெரியும். விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியை நேராக அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதில் அர்த்தமே இல்லை. அலைன்மென்ட் என்பது இருக்கிற பாகங்களுக்குக் கோணம் வைக்கிற வேலை. பாகமே ஆடினால் அந்தக் கோணம் கேட்டைத் தாண்டும்போதே போய்விடும்.

அதே நேரத்தில் ஸ்டீரிங் பாக்ஸையும் பாருங்கள். பாக்ஸ் முழுதாகச் சேசிஸில் அசைகிறதா, போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, துருப்பொடி வழிந்திருக்கிறதா? பல வண்டிகளில் இந்த போல்ட்டுகளை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். பாக்ஸுக்கு மேலே இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்குரூவை இறுக்கிவிட்டு "பிளே எடுத்தாச்சு" என்று சொல்கிற வைத்தியத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் இறுகினால் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது, அது வேறொரு ஆபத்து.

அடுத்தது ஜாக்கி சோதனை. ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங் பின். பிறகு இடது வலதாகப் பிடித்து ஆட்டினால் பெரும்பாலும் டை ராடு எண்டு காட்டிக்கொடுக்கும்.

மீன் லோடு வண்டியில் என் முதல் சந்தேகம் கிங் பின்மேல்தான். உப்புக் காற்று, ஐஸ் தண்ணீர், போதாததற்கு தினமும் பம்ப் வைத்துப் பீய்ச்சியடித்துக் கழுவுவது. கிரீஸ் எங்கே நிற்கும்? கிங் பின் அரித்து, புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். மாற்றும்போது பின் மட்டும், அல்லது புஷ் மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள், இரண்டு பக்கமும் முழு செட் போடுங்கள். புது புஷ்ஷை அடித்து ஏற்றியதும் ரீமர் போட்டுப் பின்னுக்குச் சரியாகப் பிடிக்கும்படி அறுக்க வேண்டும், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். எமரி தாள் சுற்றித் தேய்த்து உள்ளே நுழைக்கிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். நல்ல லேத் பட்டறையிலேயே கொடுங்கள். கனத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் மாற்றி, மேல்கீழ் ஆட்டத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைக்கச் சொல்லுங்கள். கிங் பின் நுழைகிற ஆக்ஸில் ஓட்டையே தேய்ந்திருந்தால் புதுப் பின் போட்டும் ஆடும், அதை முன்னாடியே அளந்து பார்க்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். கனம் இறங்கியிருந்தால் த்ரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் போவது கஷ்டம்.

டை ராடு எண்டு மாற்றினால் காடி வெட்டிய நட்டை முறுக்கியதும் காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்தும் பழக்கம் இருக்கிறது. தளர்த்தக் கூடாது, அடுத்த காடி வரும் வரை இன்னும் கொஞ்சம் முறுக்கத்தான் வேண்டும்.

பட்டைப் பக்கம் வந்தால், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் நான்கும் இறுக்கமா, பட்டைகளைச் சேர்த்துக் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கிறதா, பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் கரைந்துவிட்டதா என்று பாருங்கள். ஆக்ஸில் நகர்ந்திருந்தால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே பளபளவென்று உராய்ந்த தடம் தெரியும். முன் சாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து செத்திருந்தால் அதுவும் உதறலுக்கு உதவும்.

இப்போது அந்தப் பெரிய துப்பு. பின்னால் இரண்டு பட்டை சேர்த்தீர்கள், அதனால் காலியில் வண்டியின் பின்புறம் தூக்கி நிற்கும். வீல்பேஸ் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுதும் ஏறத்தாழ 1 டிகிரி முன்னால் சாய்கிறது. கிங் பின்னின் மேல் முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய கோணத்தைத்தான் கேஸ்டர் என்கிறோம், அதுதான் சக்கரத்தை நேராக ஓட வைப்பது. அது மொத்தமே சில டிகிரிதான், அதில் 1 டிகிரி போவது சின்ன விஷயமில்லை. லோடு ஏற்றினால் பின்புறம் இறங்கி, போன கேஸ்டர் திரும்ப வந்துவிடுகிறது, நீங்கள் எழுதியதும் அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் பட்டை சேர்த்த எல்லா வண்டியும் உதறுவதில்லை. ஏற்கெனவே கிங் பின்னோ எண்டோ தேய்ந்திருந்த வண்டியைத்தான் அது தள்ளிவிடும். அதனால் முதலில் ஆட்டத்தை எல்லாம் எடுத்துவிட்டு, அதன்பின் வண்டியைக் காலியாக வைத்துக் கேஸ்டர் அளக்கச் சொல்லுங்கள். டோ (இரண்டு சக்கரமும் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு பில் போடுகிற கடைகள் உண்டு, கேஸ்டர் அளவு தாளில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

குறைவாக இருந்தால் சேர்த்த பட்டையில் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதே சுலபம், ஒன்றரை டன் வண்டியில் அதற்கு மேல் ஏற்றாமல் இருந்தால் அந்தப் பட்டைக்கு வேலையும் இல்லை. இல்லையென்றால் முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்கலாம். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் தகட்டின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும், கீழே இருந்தால் முன்னால். மாற்றி வைத்தால் உதறல் இன்னும் மோசமாகும். தேவைக்கு மேல் கேஸ்டர் ஏற்றினாலும் உதறும், ஆகவே மேனுவலில் உள்ள அளவோடு நிறுத்துங்கள்.

டயரில் பக்கவாட்டு வீக்கம், மேடுபள்ளமான தேய்மானம் இருந்தால் முன்னாலிருந்து எடுத்துவிடுங்கள். ரீபட்டன் டயர் (பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது) முன்னால் வேண்டவே வேண்டாம்.

யூடியூபில் இதற்கு மருந்து தேடினால் ஜீப் ரேங்ளர், போர்டு சூப்பர் டியூட்டி, ராம் மாதிரி அமெரிக்க வண்டிகள்தான் வரும், 'டெத் வாபிள்' என்று. அதிலெல்லாம் முன்னால் காயில் ஸ்பிரிங், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு டிராக் பார், அவர்கள் முதலில் பார்ப்பதும் அதன் புஷ்ஷைத்தான். உங்கள் வண்டியில் அந்த வேலையைப் பட்டையே செய்கிறது, இல்லாத பாகத்தைத் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

ஆக, டயர், பேரிங், கிங் பின், எண்டுகள், பாக்ஸ், பட்டை, கடைசியில் அலைன்மென்ட் என்ற வரிசையில் போங்கள். எல்லாம் முடிந்தபின் டேம்பர் மாட்ட ஆசையிருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், கையில் அடிக்கிற அதிர்வு குறையும், தப்பில்லை. வேலை முடிந்து ஒரு வாரம் ஓடியதும் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்க்க மறக்க வேண்டாம், புதிதாகக் கட்டியது ஓட ஓடக் கொஞ்சம் உட்காரும்.