ஞாயிற்றுக்கிழமை பாட்டில்

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் போப்லிங்கனில் இருக்கிறேன். கார்களுக்கான மென்பொருள் வேலை. மனைவி, ஆறு வயது மகன், இரண்டு வயது மகள். வந்து நான்கு வருடம் ஆகிறது. வருடத்துக்கு முப்பது நாள் லீவு. அதை வைத்து இதுவரை பதினோரு நாடுகள் பார்த்துவிட்டோம். இந்தப் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஐந்தே நாளில் காரிலேயே பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் போய் வந்தோம். மனைவி புளியோதரை கட்டிக்கொடுத்துவிடுவதால் சாப்பாட்டுச் செலவு குறைவு. ஆனாலும் ஆயிரத்து எண்ணூறு யூரோ ஆனது. திரும்பி வந்ததும் மகனிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். நெடுஞ்சாலைக் கழிப்பறையில் சின்னப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் குட்டி வாசல் என்றான். ஈஃபில் கோபுரம் அவன் நினைவிலேயே இல்லை.

செப்டம்பரில் அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறது. அப்புறம் பள்ளி விடுமுறையில் மட்டும்தான் எங்கும் போக முடியும், டிக்கெட் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் நார்வே போகலாம் என்று நினைக்கிறேன். அப்பா ஊருக்கு வா என்கிறார். ஊருக்கு வந்தால் உறவினர் வீடு, வங்கி, பல் டாக்டர், மொட்டை என்று மூன்று வாரமும் ஓடிவிடுகிறது. குழந்தைகளுக்கு வயிறு கெடுகிறது. இங்கேயோ ஞாயிறு என்றால் செத்த நாள், ஒரு கடை கிடையாது. என் முப்பது நாளை எப்படிப் பிரிப்பது சரி? பையனின் தமிழுக்கு என்ன செய்வது? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இன்னொரு சமயமாக இருந்தால் படித்துவிட்டு ஓரமாக வைத்திருப்பேன். போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு எங்கள் பகுதியின் பெரிய பலசரக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். பில் போடும் பையன் எனக்குத் தெரிந்தவன், கல்யாணமாகி மூன்று வருடம். "பிள்ளை எப்படி இருக்கு?" என்றேன். "முழிச்சிருக்கப் பாத்து ஒன்பது நாள் ஆச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவரின் சோப்பை எடுத்து ஸ்கேன் செய்தான். 2019-இல் தமிழக அரசு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை வாரம் ஏழு நாளும், நாள் முழுக்கவும் திறந்து வைக்கலாம் என்று அனுமதித்தது. ஊழியருக்கு வார விடுப்பு உண்டு என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது. இருக்கட்டும். மூன்று நாளாக அந்தப் பையன் மனதைவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது, அதில் "செத்த நாள்" என்று ஒரு சொல்.

முதலில் எளிதானவற்றை முடித்துவிடுகிறேன். ஊர் திரும்பலாமா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால், உங்களை நம்பித்தான் வந்தேன் என்று இரண்டு வருடம் கழித்து இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். தமிழுக்கு, ஈழத்தமிழர்கள் ஜெர்மனி முழுக்க வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள், விசாரித்துச் சேருங்கள். அவன் யாழ்ப்பாணத் தமிழ் பேசிவிடுவானே என்று தயங்காதீர்கள், பேசினால் உங்கள் தமிழைவிட நன்றாகவே இருக்கும். பள்ளிக் காலத்தில் பிள்ளையை லீவு போட வைத்துக் கூட்டிப்போகும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அங்கே பள்ளி வருகை சட்டக் கடமை. 2018 பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு முன்னால், பக்கத்து மாநிலத்தில் மெம்மிங்கன் விமான நிலையத்திலேயே போலீஸ் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களை நிறுத்தி விசாரித்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

2019 இலையுதிர்காலத்தில் நான் உங்கள் ஊரில்தான் இருந்தேன். மகள் வீட்டில், விசா அனுமதிக்கும் தொண்ணூறு நாளில் ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல். முதல் ஞாயிறு காலை, உபயோகமாக ஏதாவது செய்வோமே என்று சமையலறையில் சேர்ந்திருந்த காலி ஊறுகாய் பாட்டில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வெள்ளைக் கண்ணாடிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என்று பெரிய இரும்புத் தொட்டிகள் நிற்குமே, அங்கே. முதல் பாட்டில் உள்ளே விழுந்து நொறுங்கிய சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு கிழவி. படிக்கட்டு கூட்டும் முறை வரும் வாரம் மகள் வீட்டுக் கதவில் ஒரு பலகையைக் கொண்டுவந்து தொங்கவிடும் அதே அம்மாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "இன்று ஞாயிறு" என்றாள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று என்பதால் புரிந்தது. மீதிப் பாட்டில்களோடு திரும்பி நடந்தேன். அவமானமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பாட்டில் போடுவதற்குக்கூட ஒரு கிழமையா?

மகளிடம் கத்தினேன். உங்களைப் போலவே, "என்ன செத்த நாள் இது" என்றுதான் நானும் சொன்னேன். மருமகன் சிரித்துக்கொண்டே, "மாமா, இது அவங்க அரசியல் சட்டத்திலயே இருக்கு" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். உண்மைதான். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலையிலிருந்து ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாட்கள், அவற்றைச் சட்டம் காக்கும் என்று 1919-இல் வைமார் அரசியல் சட்டம் என்கிற அன்றைய ஜெர்மன் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அந்த வாசகம் அப்படியே, அடிப்படைச் சட்டம் என்று அவர்கள் சொல்லும் இன்றைய அரசியல் சட்டத்துக்குள்ளும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. பெர்லின் மாநிலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று சொன்னபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், அப்படி ஒரேயடியாகத் திறந்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் உச்சபட்ச நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, மனிதன் ஒருநாள் சும்மா இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் தம்பி. நீங்கள் அதைச் செத்த நாள் என்கிறீர்கள்.

எல்லாம் புனிதம் என்று சொல்லவில்லை. அங்கேயும் ஞாயிறன்று நர்ஸுகள் வேலை செய்கிறார்கள், ரயில் ஓடுகிறது, ரொட்டிக்கடை காலையில் சில மணி நேரம் திறக்கிறது. மூன்றாவது ஞாயிறு தயிர் உறை ஊற்றப் பாலில்லாமல், ரயில் நிலையக் கடை திறந்திருக்கும் என்று கேள்விப்பட்டு ஸ்டுட்கார்ட் வரைக்கும் போய் வாங்கி வந்தவன்தான் நான். ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டோம். அப்புறம் ஞாயிறு என்ன செய்வது? பேரனைக் கூட்டிக்கொண்டு ஊர் நடுவிலிருக்கும் ஏரிக்கரைக்குப் போனேன். அவனுக்கு நான்கு வயது. மழை பெய்து விட்டிருந்தது. ரப்பர் பூட்ஸும், நெஞ்சுவரை ஏறும் சேற்றுக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஒரு குட்டைக்குள் இறங்கினான். ஒன்றரை மணி நேரம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை, அது அதிர்ஷ்டம். "தாத்தா, இந்தத் தண்ணிக்கு அடியில என்ன?" என்று கேட்டான். மண் என்றேன். "மண்ணுக்கு அடியில?" இப்படிப் போய்க்கொண்டே எங்கள் கோவில்பட்டி வரைக்கும் வந்துவிட்டோம். அந்தத் தொண்ணூறு நாளில் அவன் கற்றுக்கொண்ட தமிழில் பாதிக்குமேல் அந்தப் பெஞ்சில் கற்றுக்கொண்டது. உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு இன்னொரு பதில் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் மளிகைக்கடை. காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்து. ஞாயிறு கிடையாது, தீபாவளி மதியம் மட்டும் உண்டு. எனக்கு அப்பா என்றால் காதில் பென்சிலும் கையில் தராசும் வைத்திருக்கும் ஒரு மனிதர். கிராம்பைக்கூட எண்ணிப் போடுவார். நாங்கள் குடும்பமாக ஒரே ஒரு தடவைதான் சுற்றுலா போயிருக்கிறோம். அதுவும் சுற்றுலா இல்லை, சாவுக் காரியம். 1968, எனக்குப் பத்து வயது. தென்காசியில் அப்பாவின் அத்தைக்குப் பதினாறாம் நாள். சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகத் திரும்பும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம். ராத்திரி முழுக்க அப்பா கடையை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். காலையில் என்ன தோன்றியதோ, "வாங்க, குத்தாலத்துல குளிச்சுட்டுப் போவோம்" என்றார். நல்ல சாரல்.

ஐந்தருவியில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்றார். வெளியே வந்ததும் அவர் துண்டாலேயே என் தலையைத் துவட்டிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்குத் தலை துவட்டியதாக நினைவில்லை. அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்தார். சும்மா. காதில் பென்சில் இல்லை. காரிய வீட்டில் கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலத்தை அம்மா பிரிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து முழுசாக அள்ளிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் அப்பா முகத்தைப் பார்த்தோம். கால் வீசம் குறைந்தால் சரக்கு லாரிக்காரனைத் தெருவில் நிறுத்திச் சண்டை போடுகிறவர் அவர். வாய்விட்டுச் சிரித்தார். குரங்கு ஒவ்வொரு வடையாக முகர்ந்து பார்ப்பதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அருவி எவ்வளவு உயரம், எப்படி விழுந்தது, எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை.

ஆகவே உங்கள் மகன் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐந்து நாள், நான்கு நகரம். நீங்கள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், இல்லாவிட்டால் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தீர்கள், இல்லாவிட்டால் கோபுரம் பின்னால் தெரியும்படி "இங்க பாரு, சிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் யூகிக்கவில்லை, நானும் இதைச் செய்திருக்கிறேன். பயணம் முழுக்க நீங்கள் அவசரமில்லாமல் நின்ற ஒரே இடம் அந்தக் கழிப்பறையாகத்தான் இருக்கும். பதினோரு நாடு என்று எழுதுகிறீர்களே, அது என் அப்பாவின் சரக்குப் பேரேடு மாதிரி இருக்கிறது. வரவு இத்தனை மூட்டை. பன்னிரண்டாவது மூட்டை நார்வே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி இரண்டு இடத்தில் வருகிறார். ஒன்று, குடும்பப் பட்டியலில். இன்னொன்று, புளியோதரை கட்டுவதற்கு. முப்பது நாளை எப்படிப் பிரிப்பது என்று முன்பின் தெரியாத என்னைக் கேட்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்குப் புளிக்காய்ச்சல் கிளறுகிறவருக்கு அந்த ஐந்து நாளும் விடுமுறையா?

உங்கள் லீவுக்கு அந்த ஊரில் ஒரு முழுப்பெயர் உண்டு, உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: எர்ஹோலுங்ஸ்உர்லாப். இளைப்பாறுவதற்கான விடுப்பு. அதற்கென்றே 1963-இல் ஒரு சட்டம் வந்தது. லீவு நாளில், அதன் நோக்கத்தையே கெடுக்கிற மாதிரி வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்கிறது. லீவில் காய்ச்சல் வந்து டாக்டர் சான்றிதழ் இருந்தால் அந்த நாட்கள் லீவுக் கணக்கில் சேராது என்கிறது. ஏனென்றால் காய்ச்சலில் கிடந்தவன் இளைப்பாறவில்லை. இதைப் படித்தபோது ஸ்டுட்கார்ட் ரயிலில் பார்த்த ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். வவுனியாக்காரர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் இளைப்பாறிய ஆசிரியர்" என்றார். நாம் ஓய்வுபெற்ற என்கிறோம், பென்ஷன் பெறுகிற மாதிரி. அவர்கள் இளைப்பாறிய என்கிறார்கள். என்ன அழகான சொல்! நீங்கள் அந்த ஐந்து நாளில் இளைப்பாறினீர்களா தம்பி?

ஆகஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஊருக்கு வாருங்கள். ஆனால் ஒரே வீட்டில் இருங்கள். பார்க்க வேண்டும் என்று நினைக்கிற உறவினர்கள் அங்கே வந்து பார்க்கட்டும், காபி கொடுங்கள். வங்கி வேலையை இரண்டு நாளில் முடியுங்கள், முடியாதது கிடக்கட்டும். பையன் தாத்தா வீட்டுத் திண்ணையில் "போரடிக்குது" என்று பத்துத் தடவை சொல்வான். உடனே காரை எடுத்துவிடாதீர்கள். பதினொன்றாவது தடவைக்கு முன்னால் அவனே எறும்புப் புற்று எதையாவது கண்டுபிடித்துவிடுவான். வயிறு கெடும்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுங்கள், நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். நார்வே எங்கும் ஓடிப்போகாது. மனைவிக்கு நார்வேதான் வேண்டும் என்றால் நார்வேக்கே போங்கள், ஆனால் ஒரே ஊரில் பத்து நாள், புளியோதரை இல்லாமல்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தக் குட்டி வாசல் எனக்கும் தெரியும். கொன்ஸ்டான்ஸ் ஏரிக்குப் போகிற வழியில் பேரன் அதற்குள் நுழைந்தான், திரும்பி வந்தான், மறுபடி நுழைந்தான். பின்னால் நின்றவர்கள் அவன் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். நான் எழுபது சென்ட் போட்டுப் பெரிய வாசல் வழியாகப் போனேன், அந்தப் பக்கம் ஒன்றும் விசேஷமாக இல்லை.

அன்புடன்.