ராபின் சிங் கணக்கு

அன்புள்ள அண்ணா,

போன வாரம் ராபின் சிங்கை நம்ம ஊர் கிரிக்கெட் ஆல்ரவுண்டர் என்று கொண்டாடி எழுதியிருந்தீர்கள். 136 ஒருநாள் ஆட்டம், பேட்டிங் சராசரி 26கூட இல்லை, 69 விக்கெட், ஒரே ஒரு டெஸ்ட். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? நானும் வியாசர்பாடியில் ஒரு டென்னிஸ் பால் டீமில் ஏழாவதாக இறங்கி இரண்டு ஓவர் போடுகிறவன்தான். ‘நீ பேட்ஸ்மேனும் இல்ல, பௌலரும் இல்ல’ என்கிறார்கள். அவரும் அப்படித்தானே?

ஒரு வாசகர்

தம்பி,

நீ எழுதிய எண்கள் எல்லாம் சரி. ஆனால் 1998 ஜனவரி 18 அன்று நீ பிறந்திருக்கவே மாட்டாய் என்று நினைக்கிறேன். பொங்கல் முடிந்த ஞாயிறு, டாக்காவில் பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம், 48 ஓவரில் 315 அடிக்க வேண்டும், அந்தக் காலத்தில் அவ்வளவு ரன்னை யாருமே துரத்தி ஜெயித்ததில்லை. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து டீக்கடை டிவி முன்னால் நிற்க இடமில்லை. சச்சின் 41இல் அவுட் ஆனதும் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. ஒன் டவுனில், அதாவது மூன்றாவது பேட்ஸ்மேனாக, ராபின் சிங் இறங்குகிறார், இவர் எதுக்கு இப்போ என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். கங்குலியும் அவரும் சேர்ந்து 179 ரன், அதில் இவர் 82. இருட்டத் தொடங்கியும் ஆட்டம் நடந்தது. கடைசியில் இரண்டு பந்தில் மூன்று ரன் தேவை, கனித்கர் ஒரு ஃபோர் அடித்தார். இன்றைக்கும் அந்த மேட்ச் என்றால் கனித்கர் ஃபோர்தான், அந்த 82ஐ யார் பேசுகிறார்கள்?

அடுத்த வருஷம் உலகக் கோப்பை, இங்கிலாந்தில் டான்டன் மைதானம். இலங்கைக்கு எதிராக கங்குலி 183, திராவிட் 145 என்று எல்லோரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அன்றைக்கு 31 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தது யார் என்று உங்கள் டீமில் கேட்டுப் பார்.

அந்தச் சராசரிக்கு வருகிறேன். நாற்பது ஓவருக்கு மேல் இறங்குகிறவனுக்கு ஐம்பது அடிக்க நேரம் ஏது? வந்த முதல் பந்திலிருந்தே ஓட வேண்டும், ஒன்றை இரண்டாக்க வேண்டும், அதில் அவுட்டும் ஆக வேண்டும். ஃபீல்டிங்கில் பாயின்டில் நின்று பாய்ந்து தடுத்த ரன்னுக்கு ஸ்கோர் புக்கில் கட்டமே கிடையாது. அப்புறம், டிரினிடாட்டில் பிறந்து இங்கே வந்து, 1987-88 ரஞ்சிக் கோப்பை ஜெயித்த தமிழ்நாடு அணியில் ஆடி, 1989இல் பிறந்த தீவிலேயே இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஆடியவர். இரண்டே ஆட்டம், அடுத்த வாய்ப்பு 1996இல். அப்போது வயது 33. அந்த ஏழு வருஷத்தை எந்தச் சராசரியில் சேர்ப்பாய்?

டெஸ்ட் விஷயத்தில் மட்டும் உன்னோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. 1998 ஹராரே, ஒரே டெஸ்ட், அதிலும் ஜிம்பாப்வேயிடம் தோற்றோம்.