எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய்? போட்டித் துப்பாக்கிப் பராமரிப்பு: கேள்வி பதில்

கே: பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப் போட்டிக்காக 12 போர் ஓவர்-அண்டர் (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேரல் உள்ள துப்பாக்கி) வாங்கியிருக்கிறேன். பேரல் வந்து உட்காரும் கீல் பக்கம் உலோகத்தில் பளபளவென்று கீறல் தெரிகிறது. எண்ணெய் விட்டால் போதும் என்கிறார்கள். கார் பேரிங் கிரீஸ் பூசலாமா?
– சென்னை வாசகர்

ப: அந்த இடத்துக்கு எண்ணெய் போதாது, கிரீஸ்தான் வேண்டும். துப்பாக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் பேரல்களின் கனம் கீலின் இரு பக்கமும் உள்ள சிறிய உருண்டை முனைகளில் இறங்குகிறது. தகுதிச்சுற்றில் மட்டும் 125 தட்டுகள் என்றால், எத்தனை தடவை திறந்து மூடுகிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். மெல்லிய எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். பிறகு எஃகோடு எஃகு உரசி, ஒன்றிலிருந்து துணுக்கு பிய்ந்து மற்றதில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அதன் தொடக்கமாக இருக்கலாம். கீறலின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் முதலில் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்டுங்கள். கிரீஸ் பூசி அதைச் சரிசெய்ய முடியாது.

என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்ட நல்ல லித்தியம் பேரிங் கிரீஸ் தாராளமாகப் போதும். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது அழுத்தத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் சட்டையில் பட்டால் கறை போகாது. கீல் முனைகள், அவை உட்காரும் பிறைவடிவக் குழி, பூட்டும் கட்டை நுழையும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களிலும் பூசுங்கள். பலர் மறந்துவிடுகிற நான்காவது இடம் ஒன்று உண்டு: முன்கட்டையின் இரும்பு, பாடியின் வளைந்த முகத்தில் உரசும் பகுதி. எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பச்சைப்பயறு அளவு கிரீஸ் போதும். பூசிய பிறகும் அடியில் உலோகம் தெரிய வேண்டும். அதிகமானால் கரியும் எரியாத வெடிமருந்துத் துகளும் அதில் சிக்கி, வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி உலோகத்தை அரைக்கத் தொடங்கும். அதனால்தான் ஒவ்வொரு நாள் சுட்டு முடித்ததும் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்கிறோம். பழையதன் மேலேயே பூசுவதும், வேறு வகைக் கிரீஸைக் கலப்பதும் வேண்டாம். களிமண் சேர்ந்த கிரீஸ் லித்தியத்தோடு கலந்தால் இளகி வழிந்துவிடும்.

சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டருக்கு ஒரு சொட்டு எண்ணெய். கழற்றும் சோக் (பேரல் முனையில் மாட்டும், குண்டுச் சிதறலைக் கட்டுப்படுத்தும் குழாய்) இருந்தால் அதன் மரைக்குச் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட். துப்பாக்கியைப் பேரல் முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். நேர்மாறாக நிறுத்தினால் எண்ணெய் மெல்ல இறங்கி மரக்கட்டையில் ஊறும். ஊறிய மரம் கறுத்து, மென்மையாகி, கடைசியில் பாடியைத் தொடும் இடத்தில் பிளக்கும்.

கே: .22 ரைஃபிளை நன்றாகச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டேன். மறுநாள் முதல் பத்து குண்டுகள் சிதறின. சில தோட்டாக்கள் வெடிக்கவும் இல்லை. எண்ணெய் தரமில்லையா?
– கோவை வாசகர்

ப: எண்ணெயின் தரம் காரணமல்ல, அது போன இடம்தான் காரணம். .22 குண்டின் மேலேயே மெழுகு போன்ற மசகு பூசியிருக்கும். சுடச்சுட அது பேரலுக்குள் ஒரே சீரான படலமாகப் படியும். நீங்கள் துடைத்தெடுத்தது அந்தப் படலத்தை. அது மறுபடி படியும்வரை குண்டு விழும் இடம் நகரும். உள்ளே எண்ணெயும் மிச்சமிருந்தால் சிதறல் கூடும். சுடுவதற்கு முன் தோட்டா உட்காரும் சேம்பர் பக்கமிருந்து முனைக்கு இரண்டு உலர்ந்த துணித்துண்டுகளைத் தள்ளுங்கள். பிறகு 10 முதல் 20 தோட்டாக்கள் சுட்ட பின்பே குழுவை (இலக்கில் குண்டுத் துளைகள் விழுந்த கூட்டத்தை) அளந்து பாருங்கள். போட்டிக்கு முந்தின இரவில் பேரலைத் துலக்க வேண்டாம். தோட்டா பிராண்டை மாற்றினாலும் படலம் புதிதாகப் படிய அவகாசம் கொடுங்கள்.

வெடிக்காத தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் பதித்த குழி ஆழமில்லாமல் இருந்தால், சேம்பரை மூடும் போல்ட்டுக்குள் எண்ணெயும் கரியும் கெட்டிப்பட்டுப் பின்னின் வேகத்தைக் குறைக்கின்றன என்று பொருள். தோட்டா வெடிக்காமல் போவதற்கு முன்பே குழு மேலும் கீழுமாக நீளத் தொடங்கும். கையேட்டில் உள்ளபடி போல்ட்டைப் பிரித்து, பின்னையும் ஸ்பிரிங்கையும் கரைப்பானில் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். கிரீஸ் இரண்டே இடத்துக்கு: லாக்கிங் லக்கின் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பின்) பின்முகம், காக்கிங் சரிவு (ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுக்கும் சாய்வு). ஒவ்வொன்றுக்கும் தீக்குச்சி முனையளவு. சேம்பரும் போல்ட் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் தோட்டாக் கூடு சுவரைப் பற்றாது, பின்னோக்கிய தாக்கம் முழுதும் போல்ட்டில் விழும்.

இன்னொன்று: தோட்டா வெடிக்காவிட்டால் ரைஃபிளை இலக்கை நோக்கியே பிடித்து, 30 விநாடியாவது பொறுத்துத் திறங்கள்.

கே: பி.சி.பி. (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிய) ஏர் ரைஃபிளின் சிலிண்டர் மரைக்குத் தையல் மெஷின் எண்ணெய் போடலாமா?
– மதுரை வாசகர்

ப: கூடாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்று இருக்கிறது. பெட்ரோலிய எண்ணெயின் ஆவி அந்தக் காற்றோடு கலந்து, திடீர் அழுத்தத்தில் சூடேறினால் டீசல் இன்ஜினில் நடப்பதுபோல் தானே பற்றிக்கொள்ளும். ஓ-ரிங் கருகும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். ஓ-ரிங்குக்குச் சிலிகோன் கிரீஸ், அதுவும் ரப்பர் மினுங்கும் அளவுக்கு மட்டும். மரைக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் கிரீஸைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பேரலுக்குள் எதுவும் விட வேண்டாம். ஃபெல்ட் பெல்லட்டை (பேரலைத் துடைக்கும் கம்பளித் துண்டை) உலர்வாகச் செலுத்தினால் போதும்.

கே: தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கலாமா? ஸ்பிரே டப்பா எப்படி?
– நாகர்கோவில் வாசகர்

ப: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். ஏ.சி. ரேஞ்சில் நகரும் பாகங்களைக் கட்டிப்போட்டுவிடும். நாளடைவில் சிக்கும் பிடிக்கும். வெளி உலோகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெயே மேல். டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரே மழையில் நனைந்த துப்பாக்கியின் ஈரத்தை விரட்டத் தோதானது. ஆனால் அதன் கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது மிக மெல்லிய படலம்தான். ஆகவே துடைத்துவிட்டு மேலே எண்ணெய் பூசுங்கள். உங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு, கை வியர்வையிலும் உண்டு. தொட்ட இடங்களை அன்றே துடையுங்கள். ஸ்பாஞ்ச் பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கே: ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குச் சொட்டு எண்ணெய்?
– திருச்சி வாசகர்

ப: தயாரிப்பாளர் கையேடு சொன்னால் தவிர வேண்டாம். சியர் (ட்ரிகரை இழுத்ததும் விடுபடும் கொக்கி) முகத்தில் எண்ணெய் தூசியை இழுக்கும், விடுபடும் உணர்வும் மாறும். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை 500 கிராம். அந்தப் பகுதியில் எதைத் துடைத்தாலும் சோதனை எடைக்கட்டியை மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டே போட்டிக்குப் போங்கள்.