ராத்திரியானால் ‘நெஞ்சு அடைக்குது’ என்கிறார்

கேள்வி: என் மாமியாருக்கு 79 வயது. வாரத்தில் மூன்று ராத்திரியாவது ‘நெஞ்சு அடைக்குது, நான் போயிடுவேன்’ என்று எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம், இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. இனி கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். எதற்கெடுத்தாலும் பதறுகிறவருக்கும் மாரடைப்பு வரும். அன்றைக்கு எடுத்த இ.சி.ஜி. அன்றைய நிலைமையை மட்டுமே சொல்லும். அவர் போடும் கூச்சலை வைத்தோ, உங்கள் அலுப்பை வைத்தோ முடிவெடுக்காமல், ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் பாருங்கள். வியர்த்துக் கொட்டுகிறதா? ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறாரா? வலி தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா? பக்கவாதமா என்றும் பாருங்கள்: சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று தொய்கிறதா? சர்க்கரை நோயாளி என்றால் விரலில் குத்தி சர்க்கரையையும் பாருங்கள். இவற்றில் ஒன்று தப்பாக இருந்தாலும், ‘இது வழக்கமா வர்றது மாதிரி இல்லை’ என்று அவரே சொன்னாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சு வாங்கலும் அசதியும் வாந்தியுமாக மாரடைப்பு வருவதுண்டு.

சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

பயம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை நிமிஷம் இருந்தது, எதனால் அடங்கியது. சாப்பிட்டவுடன் படுத்தால் எரிச்சலோடு வருவது பெரும்பாலும் அமிலம் மேலேறுவது. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்து, காலும் வீங்கியிருந்தால் இதயம் பலவீனமாகியிருக்கலாம். அதற்கு மருத்துவரைச் சீக்கிரமே பார்க்க வேண்டும். நோட்டைக் காட்டி, எதற்கு உடனே வருவது, எதற்கு போன் செய்வது, எதற்குக் காலை வரை பொறுப்பது என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் அந்தத் தாள் உங்களுக்குப் பெரிய துணை.

பி.பி. கருவியை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பயத்தில் அளந்தால் ஏறும், ஏறியதைப் பார்த்தால் இன்னும் ஏறும். காலை, மாலை போதும்: ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கால் மேல் கால் போடாமல், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை. முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரும், சட்டைக் கையின் மேல் கட்டிய பட்டையும்கூட அளவைத் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், பி.பி. சட்டென்று இறங்கினால் மயங்கி விழுவார்.

‘ஒண்ணும் இல்லை, படுங்க’ என்று அடக்கினால் நம்ப வைப்பதற்காக இன்னும் பலமாகச் சொல்வார். ‘பார்க்கிறேன் அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள்; பார்த்ததைச் சொல்லுங்கள்; ‘கால் மணி கழிச்சு திரும்ப வந்து பார்க்கிறேன்’ என்று நேரம் குறித்து, சொன்னபடி போய்ப் பாருங்கள். பகலில் அவர் நன்றாக இருக்கும்போதும் தினம் ஒரே நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். உடம்பைச் சொன்னால்தான் ஆள் வரும் என்ற நிலை வீட்டில் இருக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 83 வயது. பாத்ரூமில் விழுந்ததை மறைத்துவிட்டார். தலையில் வீக்கம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரி என்றாலே சண்டை.

பதில்: இன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மண்டைக்குள் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்தோ, சில நாள் கழித்தோகூட வெளிக்காட்டும். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். ‘அட்மிட் பண்ணிடுவாங்க’ என்ற பயம்தான் பலருக்கும். ‘ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு, என்ன சொல்றாங்கன்னு கேட்டு நீங்களே முடிவு பண்ணுங்கப்பா’ என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

அடுத்து, ஏன் விழுந்தார் என்று பாருங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பி.பி. எடுங்கள். மேல் எண் 20 குறைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இனி விழுந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும்.

கேள்வி: அம்மா நேற்றிலிருந்து ஆள் தெரியாமல் பேசுகிறார். வயதானால் இப்படித்தானே?

பதில்: இல்லை. மறதி நோய் மெல்ல மெல்ல வரும். ஒரே நாளில் வந்த குழப்பத்துக்கு உடம்பில் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றல், ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். இன்றே காட்டுங்கள். போகும்போது கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் போட்டு அழைத்துப் போங்கள். அவை இல்லாவிட்டால் குழப்பம் கூடும். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் வலுவிழந்தாலோ, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.