களப்புக் கரையில் பேமிற் காணி: முற்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். முல்லைத்தீவு நகரை அடுத்து, நந்திக்கடல் களப்பின் ஓரமாகக் கால் ஏக்கர் காணி விலைக்கு வருகிறது. உறுதிப் பத்திரம் இல்லை, பேமிற் மட்டுமே. உரிமையாளர் அற்றோணித் தத்துவம் எழுதித் தருவார் என்றும், சில ஆண்டுகளில் உறுதி முடிக்கலாம் என்றும் தரகர் சொல்கிறார். தண்ணீரிலிருந்து 120 மீற்றர் தள்ளியிருப்பதால் கரையோரச் சட்டமும் தடுக்காதாம். வாங்கி வீடு கட்டலாமா? கிணறு உவர்க்குமா?

நில அளவையாளரின் பதில்: வாங்க வேண்டாம். காரணத்தை விளக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இத்தகைய கேள்விகளில் பெரும்பாலானவை முற்பணம் கைமாறிய பிறகே என்னிடம் வந்து சேருகின்றன. பணம் கொடுத்துவிட்டதாக நீங்கள் எழுதாதது எனக்குப் பெரிய ஆறுதல்.

பேமிற் என்று நாம் சொல்வது, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் உத்தரவுப்பத்திரம். காணி அரசினுடையது, அதில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்த அனுமதி மட்டுமே அந்தக் குடும்பத்தினுடையது. தம்மிடம் இல்லாத உரிமையை அவர்கள் உங்களுக்கு விற்க முடியாது. அச்சட்டத்துக்கு மாறான கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அதையும் மீறி எழுதப்பட்டால் அந்தப் பத்திரம் செல்லாது.

இங்கேதான் தரகர்கள் அற்றோணித் தத்துவத்தை எடுத்து நீட்டுகிறார்கள். முத்திரையும் கையொப்பமும் இருப்பதால் பார்ப்பவருக்கு அது உறுதி போலவே தெரியும். ஆனால் தத்துவம் என்பது மற்றவருக்காக ஒரு வேலையைச் செய்யும் அதிகாரமே அன்றி உரித்து அன்று. கொடுத்தவர் அதை மீளப் பெறலாம். அவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்துவிடும். அப்போது பேமிற்றில் பின்னுரித்தாளராகப் பெயரிடப்பட்ட மகனோ மகளோ வந்து நின்றால், வீடு உங்கள் பணத்தில் எழுந்தது என்பதைத் தவிர உங்கள் கையில் வேறொன்றும் இராது. சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் கடிதம், என்னைப் போன்ற ஒருவர் வரைந்த அளவைப் படம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். அவை எத்தனை சேர்ந்தாலும் உறுதி ஆகமாட்டா. என் கையொப்பமிட்ட படத்தையே காட்டி ஒரு காணியை இரண்டு பேருக்கு விற்ற கதையை நான் நேரில் அறிவேன். அன்றிலிருந்து, படம் கேட்டு வருகிறவரிடம் எதற்காக என்று கேட்காமல் நான் அளவைச் சங்கிலியைத் தொடுவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேமிற் வேறு, அளிப்புப் பத்திரம் வேறு. பேமிற் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்கு அரசு பின்னர் அளிப்பு வழங்குகிறது. அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதத்துடன் கைமாற்றலாம். அந்தச் சம்மதம் உறுதி எழுதுவதற்கு முன்னரே கிடைத்திருக்க வேண்டும். எழுதிவிட்டுப் பின்னர் வாங்குவோம் என்பது பயன்படாது. அலுவலகத்தில் ஒருவர் வாயால் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதும் சம்மதம் ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு காணியை எவ்வளவு சிறிய துண்டாகப் பிரிக்கலாம் என்ற எல்லையும் அளிப்பில் இருக்கும். உங்களுக்குக் காட்டியது கால் ஏக்கர். அது ஒரு பெரிய காணியின் மூலையை வேலியடித்துப் பிரித்ததாக இருந்தால், சம்மதம் கேட்டாலும் மறுக்கப்படலாம். ஆகவே, "பேமிற்றா, அளிப்பா, மூலப் பிரதி எங்கே" என்று முதலில் கேளுங்கள். நிழற்படப் பிரதியை மட்டும் காட்டினால் அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

அடுத்தது 120 மீற்றர். கடலோரத்தில் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள களப்பு என்றால் அதன் சுற்றுக்கரையில் 100 மீற்றர் நிலமும் அவ்வலயத்தில் சேரும். அந்த 100 மீற்றரைக் கண்ணுக்குத் தெரியும் தண்ணீரிலிருந்து அளப்பதில்லை, கடல் மட்டத்தை வைத்துக் குறித்த கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். தரகர் உங்களை எந்த மாதத்தில் அழைத்துச் சென்றார் என்று நினைத்துப் பாருங்கள். ஆவணியில் சோளகம் வீசிக் களப்பு வற்றிப் பின்வாங்கும்போது, வெளித்த தரையில் மாடு மேயும். மார்கழி வாடையில் பேராற்று வெள்ளமும் வந்து விழும்போது அதே இடத்தில் தோணி விடலாம். அத்தகைய ஒரு காணியில் முள்வேலியை நான் தொட்டுப் பார்த்தேன்: மேல் கம்பிகள் நல்ல நிலையில் இருந்தன, கீழ் இரண்டும் துருவாகிக் கையில் உதிர்ந்தன. வேலி ஓரமெங்கும் உமரி படர்ந்திருந்தது. உமரி நிற்கும் தரையில் உவர் நீர் வந்து தங்குகிறது என்பதை ஊர்க் கிழவிகள்கூட அறிவார்கள். தரகர் மட்டும் அறியாதவர் போல நடப்பார்.

இதற்கு மேல், நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. களப்பை அடுத்த கேப்பாப்புலவு மக்கள், படையினர் வசமிருந்த தம் சொந்தக் காணியைக் கேட்டு வீதியோரம் போராடியிருந்த அதே ஆண்டு அது. பிரதேச செயலகத்திடம் ஒரு வரைபடம், வனசீவராசிகள் திணைக்களத்திடம் இன்னொன்று, கரையோரம் பேணல் திணைக்களத்திடம் மற்றொன்று. இவற்றை ஒரே தாளில் வைத்து இந்தக் கோட்டுக்கு உள்ளே வராதீர்கள் என்று மக்களுக்குக் காட்டிவிடுவது பெரிய வேலை அன்று. அதைச் செய்யாததால், ஓர் ஓய்வூதியக்காரர் ஒவ்வொரு கந்தோராகப் படியேறி அலைய வேண்டியிருக்கிறது. வேறு வழி இல்லாதபடியால் மூன்றிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

கிணற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மணலுக்குள் மழை நீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமற்ற கட்டுக்கிணற்றில் அளவாக அள்ளினால் நல்ல நீர் கிடைக்கலாம். குழாய்க்கிணறு அடிப்பவரின் பேச்சைக் கேட்டு ஆழப் போனால் கீழுள்ள உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அது எளிதில் இறங்காது. அயல் வீட்டுக் கிணற்று நீரை ஆவணி இறுதியில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது குடிநீருக்கு ஏற்றதன்று.

களப்புக் காற்றும் இறாலும் வற்றாப்பளைப் பொங்கலும் உங்களை அந்தப் பக்கம் இழுப்பது எனக்குப் புரிகிறது. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் பழைய உறுதிக் காணிகள் உண்டு. வற்றாப்பளையும் அங்கிருந்து தொலைவில் இல்லை. அப்படி ஒன்றைக் கண்டால், காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவைப் பார்த்துவிட்டு, மார்கழியில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்தக் காணியில் போய் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.